பல தேசத்தார் கூடிச் செய்யும் கருமம்

நம் பிள்ளைகளிற் பலர் இன்று கொழும்பில் இருந்தவாறே பிராங்பேர்ட்டுக்கும் நியூயோர்க்குக்கும் வேலை செய்கின்றனர். கப்பலேறவில்லை, கடவுச்சீட்டும் எடுக்கவில்லை. மேசைமீது ஒரு கணினி, காதிலே பேசவும் கேட்கவும் ஒரு கருவி, அவ்வளவே. "என் மகன் எந்தக் கந்தோரில் இருக்கிறான் என்று கேட்போருக்கு என்ன மறுமொழி சொல்வது?" என என்னோடு கற்பிக்கும் முதிய ஆசிரியர் ஒருவர் அடிக்கடி வினவுவார். நான் வகுப்பிற் கற்பிக்கும் வணிகக் கல்வியிலே பல்தேசியக் கம்பனிக்கு நல்லதோர் வரைவிலக்கணம் உண்டு. மாணவர் அதனை மனனஞ்செய்து பிசகின்றி ஒப்புவிப்பர். ஆனால் நான்கு நாட்டார் கூடி ஒரு கருமத்தை முடிப்பது எங்ஙனம் என்பதனை அவ்வரைவிலக்கணத்தில் தேடிப் பயனில்லை.

அதனை நான் கற்றுக்கொண்டது கிருலப்பனையிலே, எங்கள் வீட்டு மேல்மாடியில். அங்கே என் தமக்கையார் குடும்பத்தோடு வசிக்கிறார். அவருடைய மூத்த மகள் மென்பொருட் கம்பனி ஒன்றிற் பணிபுரிகிறாள். சென்ற ஆண்டு, ஜேர்மனியிலுள்ள வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வேலையைச் சுட்டி, "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என அவளிடம் கேட்டார். முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஆயினும் பெரியவரிடம் முகத்திலடித்தாற்போல அதனைச் சொல்லலாமோ? "முயன்று பார்க்கிறோம்" என்றாள். வெள்ளிக்கிழமை வந்தது, வேலை முடியவில்லை. அவர் அதனை வாக்குத் தவறியதாகக் கொண்டார். மேலிடத்துக்குக் கடிதம் போயிற்று. பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தமக்கையார் கொதித்தெழுந்தார். "இரவிலே வேற்று நாட்டாரிடம் ஏச்சு வாங்கவா தம்பி இவளைப் படிப்பித்தோம்? நாளைக்கே விட்டுவிட்டு அரசாங்க ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பிக்கட்டும்" என்றார். ஆசிரியனாகிய என்னிடமே அதனைச் சொன்னபடியால் மறுத்துரைப்பது எளிதாயிருக்கவில்லை!

நேயர்களே, இதிலே பொய் சொன்னவர் எவருமிலர் என்பதைக் கவனியுங்கள். திருமணத்துக்கு அழைக்க வந்தவரிடம் "வரப் பார்க்கிறோம்" என்று நாம் சொன்னால், அவர் இலைக் கணக்கிலே நம்மைக் குறைத்துக்கொள்வார். அது மறுப்பு என்பதும், மனம் நோகாமற் சொல்லப்பட்ட மறுப்பு என்பதும் இருவருக்கும் தெரியும். அந்த ஜேர்மானியரோ சொல்லுக்கு அகராதியிலுள்ள பொருளை மாத்திரம் எடுத்துக்கொண்டார்.

இத்தகைய வேறுபாடுகளை அளந்து பார்க்க முயன்ற அறிஞரும் உளர். ஒல்லாந்தைச் சேர்ந்த கேர்ட் ஹொவ்ஸ்டீட் என்பவர், ஐ.பி.எம். கம்பனி ஊழியரிடம் 1967 முதல் 1973 வரை பல நாடுகளிலே திரட்டப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வினாக்கொத்துகளை ஆராய்ந்து 1980இல் நூலொன்று வெளியிட்டார். மேலதிகாரிக்கும் கீழுள்ளோர்க்கும் இடைப்பட்ட தூரத்தை ஒவ்வொரு சமூகமும் எவ்வளவுக்கு இயல்பென ஏற்கின்றது என்பது அவர் கண்ட அளவுகோல்களுள் ஒன்று. எம்மவர்க்கு இது நன்கு பொருந்துவதே, வகுப்பிலே "விளங்கிற்றா?" என்று கேட்டால் விளங்காத பிள்ளையும் தலையசைக்கும். எனினும் நாட்டுக்கொரு பண்பாடு என்று இலக்கமிட்டு வைப்பதிலே எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பண்பாடுகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன.

மனிதர் பேச்சு அப்படியிருக்க, எண்களாவது ஒருமித்து நிற்குமா எனில், அதுவுமில்லை. ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையே லவ்பன்பேர்க் என்னுமிடத்தில் றைன் நதிக்குக் குறுக்கே ஒரு பாலம் எழுந்தது. கடல்மட்டத்தை ஒரு நாட்டார் வடகடலிலிருந்தும் மற்ற நாட்டார் மத்தியதரைக் கடலிலிருந்தும் கணிப்பவர்கள். இரண்டுக்கும் 27 சென்ரிமீற்றர் வேறுபாடு உண்டென்பதை இரு தரப்பாரும் முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் அதனைத் திருத்தும்போது கூட்டற்குறியும் கழித்தற்குறியும் மாறிவிட்டன. 2003இல் பார்த்தபோது இரு கரையும் 54 சென்ரிமீற்றர் ஏறியிறங்கி நின்றன! வேறுபாட்டை அறிந்திருந்தும் அதனை எப்பக்கம் கூட்டுவது என்று ஒருவரையொருவர் கேளாமையின் விளைவு அது.

நமது நாட்டிலே இதனினும் பெரிய கூட்டுவேலை நடந்ததை இளைஞர் பலர் அறியார். மகாவலித் திட்டம் முப்பது ஆண்டுகளிலே நிறைவேறத்தக்கதாக வகுக்கப்பட்டது. 1977இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அதன் முக்கிய பகுதிகளை ஆறே ஆண்டுகளில் முடிப்பதென விரைவுபடுத்தியது. அத்துணைப் பணம் ஒரு நாட்டிடமிருந்து கிடைக்குமா? விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா உதவிற்று, கொத்மலைக்குச் சுவீடன், இரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. உதவி வந்த வழியே பொறியியலாளரும் இயந்திரங்களும் வந்தன. மாதுறு ஓயா 1983இலும், விக்டோரியாவும் கொத்மலையும் 1985இலும், இரந்தெனிகலை 1986இலும் நிறைவெய்தின. விக்டோரியா 122 மீற்றர் உயர்ந்த கொங்கிறீற்று வளைவணை. கொத்மலையும் இரந்தெனிகலையும் கல் நிரப்பி எழுப்பியவை.

நாடு நான்கு, முறை நான்கு, திட்டமோ ஒன்று. கொத்மலையிலிருந்து வரும் நீர் பொல்கொல்லையிலே பிரிந்து, ஒரு பங்கு வடக்கு நோக்கிச் சுரங்கத்துட் செல்ல, மறு பங்கு விக்டோரியாவுக்கும் அப்பால் இரந்தெனிகலைக்கும் இறங்குகிறது. மேலேயுள்ளவர் மடையைத் திறப்பதும் மூடுவதும் கீழேயுள்ளவர் கணக்கை மாற்றிவிடும். விவசாயி நீர் கேட்கும் வேளை வேறு, மின்சார சபை கேட்கும் வேளை வேறு. இவையனைத்தையும் ஒரே கணக்கிற் கொண்டுவந்து பார்ப்பதற்கென மகாவலி அதிகார சபையிலே நீர் முகாமைத்துவச் செயலகம் அமைந்தது. அணைகளைப் படம்பிடிப்போர் பலர். என் கண்ணுக்கு அக்கந்தோர் அணைகளிலும் பெரிதாகத் தோன்றுகிறது.

மாதுறு ஓயாவிலே நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. புதிய அணைக்கு நிலம் அகழ்ந்தபோது, அதே இடத்திலே பழங்கால அணையொன்றின் மதகு வெளிப்பட்டது! நவீன கருவிகளால் அளந்து தேர்ந்த இடத்தை முன்னோர் எப்போதோ தேர்ந்திருந்தனர். அளவுகோல் வேறாயினும் நிலம் இருவருக்கும் ஒரே விடையைச் சொல்லிற்று.

ஆனால் கூட்டுவேலை எல்லாம் சமநிலையில் நடந்தது என எண்ணிவிடலாகாது. மலையகத் தோட்டங்களும் இலண்டனிலிருந்து நடத்தப்பட்ட கம்பனிகளே. அங்கே வந்த வெள்ளைத் துரைமார் தமிழ் கற்றனர். அவர்களுக்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான கைந்நூல் ஒன்றின் பெயரே 'இங்கே வா' என்பது. பெயரைக் கேட்டவுடன் உள்ளே எத்தகைய தமிழ் இருக்கும் என்பது புலப்படவில்லையா? ஏவல் வினை மிகுந்த தமிழ்! பிறர் மொழியைக் கற்பது நன்று. கட்டளையிட மாத்திரம் கற்பது வேறு. இடையே கங்காணி நின்றான். துரை சொன்னதைத் தொழிலாளருக்கும் தொழிலாளர் சொன்னதைத் துரைக்கும் தனக்கு வேண்டியவாறு மாற்றி உரைக்க அவனால் முடிந்தது. இன்றைய கம்பனிகளிலும் இத்தகைய இடைநிலையார் இல்லையென்று சொல்லமாட்டேன்.

விடுமுறை விடயமும் சிறிதன்று. 1966 முதல் 1971 வரை இந்நாட்டிலே ஞாயிறு விடுமுறை நீங்கிப் போயா தினங்களே வார விடுமுறையாயிருந்தன. வாரத்தின் நீளமே ஒரு சீராக இராது. நமது வங்கி திறந்திருக்கும் நாளில் இலண்டன் வங்கி மூடியிருக்கும். இன்று ஞாயிறு மீண்டுவிட்டது. பௌர்ணமி விடுமுறை மாத்திரம் மாதந்தோறும் நாள் மாறி வந்து அயல்நாட்டு முகாமையாளரைத் திகைக்க வைக்கிறது.

என் மருமகளிடம் இவற்றையெல்லாம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன். உபதேசம் என்று நினைத்தாளோ என்னவோ, அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தாள்.

"மாமா, இதைப் பாருங்கள். அவர்களுக்கு அனுப்பப் போகிறேன்."

தங்கள் குழுவினர் "முயன்று பார்க்கிறோம்" என்றால் நாள் போதாது என்று பொருள்; "ஆம்" என்றால் கேட்டுக்கொண்டோம் என்று மாத்திரம் பொருளாகலாம்; முடிவு நாளை இனி எழுத்திற் கேளுங்கள்; போயா, தைப்பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள், நத்தார் ஆகியன இந்தத் தேதிகளில் வரும் என ஒழுங்காக எழுதியிருந்தாள். நான் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினேன், வேறொன்றும் தொடவில்லை. ஜேர்மானியர் மறுநாளே மறுமொழி அனுப்பினார். "பிழை இருக்கிறது என்று நான் சொல்வது வேலையைப் பற்றியது, உங்களைப் பற்றியதன்று. அதனை முன்னரே நான் சொல்லியிருக்க வேண்டும்" என்பது அதன் சாரம்.

வேலையை விடுவதா என்னும் பேச்சு அதனால் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. இரவுக் கூட்டம் இரவுக் கூட்டந்தானே. நியூயோர்க்கிலே முற்பகல் 11 மணிக்கு நடப்பது இங்கே இரவு எட்டரைக்கு; நவம்பர் முதல் ஞாயிறன்று அந்நாட்டார் கடிகாரத்தைப் பின்தள்ளியதும் அது ஒன்பதரையாகிவிடும். ஜேர்மனியிலே அதற்கு முந்திய ஞாயிறன்றே தள்ளிவிடுவார்கள். இடைப்பட்ட ஒரு வாரம் யாருக்கு எத்தனை மணி என்பதில் அக்குழு முழுவதற்கும் குழப்பம். தமக்கையார் சமையலறை நாட்காட்டியில் அவ்விரு ஞாயிறுகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, கீழே "இடியப்பம் பிந்தி அவிக்க" என்று எழுதி வைத்திருக்கிறார்.