அம்மாவுக்கு வாங்கிய நாற்காலி

அம்மா சத்துணவுக் கூடத்திலிருந்து ஓய்வு பெற்றபோது நாங்கள் மூன்று பேரும் காசு போட்டு அவருக்கு ஓர் ஆடும் நாற்காலி வாங்கினோம். புதியது வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பழைய மரச்சாமான் கடையில் கிடந்த தேக்கு நாற்காலி அது. உட்காரும் இடத்தில் பிரம்பு கிழிந்து தொங்கியது. பார்வையற்ற அண்ணன் ஒருவர் இரண்டு நாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து விரலாலேயே கண் கணக்குப் பார்த்துப் புதிதாகப் பின்னிக் கொடுத்தார். முப்பது வருடம் கரிப்பானையோடு நின்ற முதுகுக்கு இது நல்லது என்று நினைத்தோம்.

ஒரு மாதம் அதில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருந்தது. அம்மா தரையில், நாற்காலிக்குப் பக்கத்திலேயே, காலை நீட்டிக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். கேட்டால், "அது ஆடுது, எனக்குத் தலை சுத்துது" என்பார். உட்காராமலே எப்படித் தலை சுற்றும் என்று சின்னவள் கேட்டதற்குப் பதில் இல்லை.

இந்த இடைவெளியில் நாங்கள் அந்த நாற்காலியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தோம். வாங்கிய பொருளின் பூர்வீகம் தெரியாமல் இருக்க முடியாத வியாதி எங்களுக்கு உண்டு.

தொட்டிலுக்கு வளைந்த அடிக்கட்டை வைப்பது மிகப் பழைய வேலை. அதே கட்டையை நாற்காலிக் காலில் பொருத்தும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் பரவியது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. பெயர் தெரியாத தச்சர்கள் செய்ததைப் பெரிய மனிதர் கணக்கில் எழுதுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. சொத்தைப் பொதுவில் வைத்து, ஆணும் பெண்ணும் சமம் என்று வாழ்ந்த ஷேக்கர் என்ற சமயக் குழுவினர் தங்கள் முதியவர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் இதைச் செய்தார்கள். பிறகு வெளியாருக்கும் விற்றார்கள். 1860 வாக்கில் வியன்னாவில் மிக்கேல் தோனெட் என்பவரின் பட்டறை, மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து ஆடும் நாற்காலி செய்தது. 1955-இல் முதுகுவலியோடு வந்த ஜான் கென்னடிக்கு ஜேனட் டிராவல் என்ற மருத்துவர் இதைத்தான் சிபாரிசு செய்தார். அவர் ஜனாதிபதியானதும் நாற்காலியும் வெள்ளை மாளிகைக்குப் போனது.

இதன் சூட்சுமம் எளிது. சாய்ந்தால் உடலின் பாரம் லேசாக மேலே ஏறுகிறது, இறங்கத் தேடுகிறது, நாற்காலி தானாகத் திரும்பி வருகிறது. கால் கட்டைவிரலால் தரையை ஒரு தட்டுத் தட்டினால் போதும். தாயின் வயிற்றில் ஆடிய ஆட்டத்தை உடம்பு மறப்பதில்லை போல. நம் வீடுகளில் அதற்கு மரம் தேவைப்படவில்லை. உத்திரத்தில் பழைய புடவையைக் கட்டினால் தூளி. வயல் வேலைக்குப் போன இடத்தில் கருவ மரக்கிளையில் கட்டினாலும் தூளிதான். எங்கள் மூவரையும் வளர்த்தது ஒரே நீலப் புடவை.

ஆனால் படிக்கப் படிக்க ஒரு கேள்வி விடாமல் துரத்தியது. ஆடியவர்கள் சரி, ஆட்டியவர்கள் யார்?

ஹாரியட் டப்மன் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, தப்பி, திரும்பத் திரும்ப உள்ளே போய்ப் பலரை மீட்டுக்கொண்டு வந்தவர். ஆறேழு வயதில் அவரை ஒரு வீட்டுக்கு வாடகைக்கு விட்டார்கள். ராத்திரி முழுக்க அந்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலை ஆட்ட வேண்டும். குழந்தை அழுது எஜமானியின் தூக்கம் கெட்டால் சவுக்கடி. அந்தத் தழும்புகள் கடைசி வரை அவர் உடம்பில் இருந்தன.

மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் இருக்கிறது. 1865 ஏப்ரல் 14 இரவு நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது அவர் உட்கார்ந்திருந்த ஆடும் நாற்காலி அங்கேதான் இருக்கிறது. அதே கட்டடத்தில் ஒரு பேருந்தும் நிற்கிறது. 1955 டிசம்பர் 1 அன்று மாண்ட்கோமெரியில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்த பேருந்து. அவர் வெள்ளையர் பகுதியில் உட்கார்ந்தார் என்று பலரும் தப்பாகச் சொல்கிறார்கள். இல்லை, அதற்குப் பின்னால், கறுப்பர்கள் உட்காரலாம் என்றிருந்த நடுவரிசையில்தான். முன்னால் இடம் நிறைந்ததும் இருந்த இடமும் பறிபோனது.

நாங்கள் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தோம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம், பள்ளிக்கூடத்துக்கு அம்பேத்கர் சுமந்துபோன கோணிச் சாக்கு என்று பேச்சு எங்கெங்கோ போனது. அம்மா கீரைத் தண்டை முறித்துப் போட்டுவிட்டு, "நானும் ஒரு தடவை உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

1972. கீழத்தஞ்சை. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாச்சி பண்ணை வீட்டில் கொல்லை கூட்டி, சாணி தெளித்து, மாட்டுக்கொட்டகை பார்த்தவர். வாசல் தாழ்வாரத்தில் ஒரு சாய்வு நாற்காலி கிடக்கும். அந்த வீட்டு ஐயா இல்லாத நேரத்தில் கொல்லைப் பக்கமாக வெளியே கொண்டுவந்து போடுவார்கள், அம்மாச்சி தூசி தட்டிக் கட்டையை மட்டும் துடைக்க வேண்டும். அதன் துணியைத் தொடக் கூடாது. அன்றைக்கு அம்மாச்சி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கொல்லைக் கதவைத் திறந்து யாரோ பார்த்தார்கள். சத்தம் போட்டார்கள். அம்மாச்சி ஓடிவந்தார். அந்த வீட்டார் வாயைத் திறப்பதற்குள் விளக்குமாற்றை எடுத்து மகளை அடிக்க ஆரம்பித்தார். விளக்குமாறு பிரிந்து ஈர்க்கு ஈர்க்காகப் போன பிறகும் நிறுத்தவில்லை. "போதும் விடு" என்று அவர்களே சொல்லும் வரை. பிறகு துணியைக் கழற்றி வீசிவிட்டு, கட்டையை மூன்று தடவை கழுவச் சொன்னார்கள். அம்மாச்சி கழுவினார்.

வெண்மணியில் 44 பேரை எரித்து நான்கு வருடம்கூட ஆகாத நேரம் அது. அவர்கள் கை வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று அம்மாச்சிக்குத் தெரியும், அதனால் தன் கையை முந்தவிட்டார். இது நாங்கள் சொல்லும் விளக்கம். அம்மா அப்படிச் சொல்லவில்லை. "எங்கம்மா என்னை அடிச்சாங்க" என்று மட்டும்தான் சொன்னார். படித்த பிள்ளைகளான எங்களுக்கு விளக்கம் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஐம்பது வருடமாக அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாச்சியும் அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை. சத்துணவுக் கூடத்தில் அம்மா ஆக்கிய சோற்றைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சில வீட்டார் வந்து நின்ற வருடத்தில்கூட.

அம்மாச்சி பொங்கலுக்கு வந்தார். எண்பது வயசு இருக்கும். கண்புரை அறுவை முடிந்து கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்குள் நுழைந்தவர் நேராகப் போனார், துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டார், நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தட்டு. முன்னும் பின்னும் போய் வந்தது. "நல்லாருக்கே" என்றார். அதன்பிறகு அவரை எழுப்ப முடியவில்லை. காபி அங்கேதான். டிவி அங்கிருந்துதான். பூனை வாலை இரண்டு முறை நசுக்கினார். அம்மாவுக்குக் கோபம். அடுப்படியில் பாத்திரம் வேண்டுமென்றே சத்தமாக விழுந்தது. "எனக்குன்னு வாங்கினது" என்று எங்களிடம் முணுமுணுத்தார். அதுவரை அதைத் தன்னுடையது என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

மாட்டுப் பொங்கல் ராத்திரி கரண்ட் போனது. அம்மாச்சி நாற்காலியில், அம்மா கீழே சுவரில் சாய்ந்து. அம்மாச்சிக்கு முழங்கால் வலி, தரையைத் தட்ட முடியவில்லை. அம்மா தன் காலை நீட்டி அடிக்கட்டையை மெதுவாக மிதித்து மிதித்து ஆட்டிவிட்டார். கொஞ்ச நேரம் கட்டை தரையில் உரசும் சத்தம் மட்டும்.

"அன்னிக்கு உட்கார்ந்தியே," என்றார் அம்மாச்சி. "எப்படி இருந்துச்சு?"

அம்மாவின் கால் நின்றது. நாங்கள் மூச்சுவிடவில்லை.

"துணி சில்லுன்னு இருந்துச்சும்மா," என்றார் அம்மா.

"ம்," என்றார் அம்மாச்சி. "நான் கட்டையைத்தான் தொட்டிருக்கேன்."

கொஞ்சம் கழித்து அம்மா மறுபடி காலால் ஆட்ட ஆரம்பித்தார்.