ஒரு ஸ்கூப் புரோட்டீன் என்ன விலை?



அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை பஸ்ஸில் போனால், டீக்கடைக்கு அடுத்தபடியாக என் கண்ணில் அதிகம் படுவது ஜிம் போர்டுகள்தான். ஜிம் வந்தால் பின்னாலேயே புரோட்டீன் டப்பாவும் வந்துவிடும். நான் படிப்பது பி.காம். எனவே உடம்பைப் பற்றி இல்லை, விலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன் :-)

என் நண்பன் ஒருவன் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறான். சம்பளம் 14 ஆயிரம். அதில் 3,000 ரூபாய் ஒரு கிலோ டப்பாவுக்குப் போகிறது. "மாஸ்டர் சொன்னார் மச்சான், இது இல்லாம உடம்பு ஏறாதாம்" என்கிறான்.

முதலில் இந்தப் பவுடர் என்ன? பன்னீர் செய்யும்போது தெளிந்த தண்ணீர் பிரியுமே, நாம் கீழே கொட்டுவோமே, அதேபோல சீஸ் செய்யும்போது மிஞ்சும் தண்ணீரிலிருந்து புரதத்தைப் பிரித்துக் காயவைத்தால் வே புரோட்டீன். விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை. வெறும் சாப்பாடு.

சரி, கணக்குக்கு வருவோம். சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எடை தூக்குபவர்களுக்கும் 1.6 கிராமுக்கு மேல் பெரிய லாபம் இல்லையாம். என் நண்பன் 60 கிலோ. அதிகபட்சம் 96 கிராம். சோறு, சாம்பார், தயிர், சுண்டல் என்று பாதி வீட்டிலேயே வந்துவிடும். மீதிக்கு என்ன வழி?

4 முட்டை: 24 கிராம், சுமார் 28 ரூபாய்.
50 கிராம் மீல் மேக்கர்: 25 கிராம், சுமார் 10 ரூபாய்.

மொத்தம் 38 ரூபாய். இதே அளவுக்குப் பவுடர் என்றால் 2 ஸ்கூப், 200 ரூபாய்!

விலையாவது போகட்டும், சரக்கு சரியா? கேரள மருத்துவர் சிரியக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் சொந்தச் செலவில் 36 பவுடர்களைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். அதில் 25 பவுடர்களில் லேபிளில் போட்ட புரத அளவு தவறு. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்தும் வேறு. ஆடிட் செய்யாத பேலன்ஸ் ஷீட்டை நம்பி முதலீடு செய்வது மாதிரிதான் இது. அதே ஆண்டு வந்த அரசின் உணவு வழிகாட்டியும் உடம்பு ஏற்ற புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது.

இன்னொன்று. காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மூச்சை இழுத்தால் மார்பு 5 செ.மீ. விரிய வேண்டும். கயிறு ஏற வேண்டும். கை எவ்வளவு தடிமன் என்று யாரும் டேப் வைத்துப் பார்ப்பதில்லை. ஓட்டத்துக்கு வேண்டியது தினசரி ஓட்டம், நல்ல தூக்கம், வயிறாரச் சாப்பாடு. டப்பா வாங்கிய மாதங்களில் அவன் மெஸ்ஸில் ஒருவேளை சாப்பாட்டைக் குறைத்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். இது எந்த ஊர் கணக்கு, சொல்லுங்கள்?

வசதி இருப்பவர்கள், சமைக்க நேரமில்லாதவர்கள் நல்ல கடையில் பில்லோடு வாங்கிக் குடிக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். மற்றவர்கள், அடுத்த டப்பா வாங்குவதற்கு முன் ஒரு பேப்பரை எடுத்து, உங்கள் எடையை 1.6 ஆல் பெருக்கிப் பாருங்கள். பிறகு தெருமுனை மளிகைக் கடையில் முட்டை விலையைக் கேளுங்கள். அவ்வளவுதான்!