பெயரைப் பார்க்காதே, பித்தளையைப் பார்!

"என்னடா இவன், டிப்ளமோ படிக்கிற பயல் சாக்ஸபோனைப் பற்றி எழுதுகிறான்!" என்று புருவம் உயர்த்தும் நண்பர்களே, கொஞ்சம் பொறுங்கள். ஒர்க்‌ஷாப்பில் நாம் முணுமுணுத்துக்கொண்டே கற்ற பாடமெல்லாம் ஒருநாள் என் வீட்டுக்கு உதவியது இந்த வாத்தியத்தால்தான்.

1994-ல் வந்த ‘டூயட்’ படத்தில் கத்ரி கோபால்நாத் ஊதியதைக் கேட்டு நம்மூரில் சாக்ஸபோன் மேல் ஆசைப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் அதன் பிறந்த வீடு பாரிஸ். பெல்ஜியத்துக்காரரான அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் அங்கேதான் காப்புரிமை வாங்கினார். 1866-ல் அது முடிந்ததும் பஃபே கிராம்போன் போன்ற மற்ற கம்பெனிகளும் செய்ய ஆரம்பித்தன. 1920-களில் செல்மர் வந்தது. 1954-ல் அது வெளியிட்ட ‘மார்க் சிக்ஸ்’ மாடலுக்கு இன்றும் உலகச் சந்தையில் தனி மவுசு. மவுசு இருக்கிற இடத்தில் மோசடியும் இருக்கும் அல்லவா?

என் மாமா கல்யாண பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸபோன் ஊதுகிறவர். முகூர்த்த மாதங்களில் ஊதினால்தான் மற்ற மாதங்களில் அடுப்பு எரியும். அவருடைய பழைய வாத்தியம் இனி தேறாது என்று ஆனபோது, ஒரு வியாபாரி ‘பிரெஞ்சு மார்க் சிக்ஸ்’ என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றும். அத்தையின் சங்கிலியை அடகு வைக்க மாமா முடிவே செய்துவிட்டார். "மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே? கூட வந்து ஒருவாட்டி பாத்துட்டு வாயேன்" என்றார். போவதற்கு முன் நான்கைந்து நாள் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதல் பாடம்: பெல்லில் செதுக்கிய பெயரை மட்டும் நம்பாதே. அந்தக் காலத்தில் தொழிற்சாலை ஒன்று வாத்தியத்தைச் செய்யும். விற்கிற கடைக்காரர் தன் பெயரைப் பொறித்துக்கொள்வார். ‘பாரிஸ்’ என்று இருப்பதாலேயே செல்மர் ஆகிவிடாது. சீரியல் நம்பரும் அப்படியே. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கணக்கு. எந்தக் கம்பெனி என்று தெரியாமல் நம்பரை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது.

இரண்டாவது: உடம்பின் அமைப்பைப் பார். 1936-ல் வந்த ‘பேலன்ஸ்ட் ஆக்‌ஷன்’ மாடலிலிருந்து செல்மர், பெல்லில் உள்ள இரண்டு பெரிய துளைகளையும் ஊதுபவரின் வலப்பக்கம் வைத்தது. மார்க் சிக்ஸும் அப்படித்தான். வியாபாரி காட்டியதில் இரண்டும் இடப்பக்கம்! "பாரிஸ்னு போட்டிருக்கே தம்பி, அப்புறம் என்ன?" என்றார். "அண்ணே, மார்க் சிக்ஸுன்னா இந்தத் துளை ரெண்டும் வலப்பக்கம்ல இருக்கணும்?" என்றேன். பதில் இல்லை.

மூன்றாவது: ஆரோக்கியம். கையோடு கொண்டுபோன வெர்னியரை எடுத்து நெக் வளைவை மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் அளந்தேன். வட்டமாக இருக்க வேண்டிய இடம் முட்டை வடிவில் இருந்தது. யாரோ பலமாக அழுத்தி நெக்கைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். எழுத்தின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. பஃபிங் செய்து மறுபடி லாக்கர் அடித்ததற்கு அடையாளம். பிறகு இருட்டறையில் குழாய்க்குள் சின்ன பல்பை இறக்கி, ஒவ்வொரு கீயாக மூடிப் பார்த்தோம். ஒளி கசியும் இடத்தில் காற்றும் கசியும். நாலைந்து இடத்தில் கசிந்தது. அதற்குக் காரணம் பேடு. பேடு மாற்றக்கூடிய சாமான், பயமில்லை. பயப்பட வேண்டியது ரோஸ் நிறப் புள்ளிகளுக்கு. பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறி, செம்பு மட்டும் நுரைபோல மிஞ்சும் நோய் அது. நல்லவேளை, அது இல்லை. உடம்பும் நேராக இருந்தது.

கடைசியாகச் சுருதி. பிரான்ஸ் 1859-ல் 435 அதிர்வு என்று சட்டமே போட்டது. அதிலிருந்து இன்றைய 440-க்கு வர, வாய்ப்பகுதியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளின் 452-க்குச் செய்த பழைய வாத்தியமாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று சேராது. மாமா ஊதிப் பார்த்தார். சுருதி சேர்ந்தது. அவர் முகம் மலர்ந்ததை வியாபாரி பார்த்துவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை!

சொன்ன விலையில் பாதிக்கும் கீழே முடிந்தது. நெக்கைச் சரிசெய்து, பேடு மாற்றி, மாமா இப்போது அதில்தான் ஊதுகிறார். சேகரிப்பவர்களுக்கு அது பெரிய பொருள் இல்லை; ஊதிப் பிழைப்பவருக்கு அது தங்கம். மதிப்பு என்பது யாருக்கு, எதற்கு என்று கேட்ட பிறகுதான் தெரியும். சங்கிலியும் அத்தை கழுத்திலேயே இருக்கிறது.

நண்பர்களே, நாளை நம்மையும் சான்றிதழில் உள்ள கல்லூரிப் பெயரை வைத்துத்தான் முதலில் எடைபோடுவார்கள். போடட்டும். இருட்டறையில் பல்பை இறக்கிப் பார்க்கும்போது ஒளி கசியாமல் நிற்கிறோமா என்பதே கேள்வி. அதற்கான வேலையை இந்த மூன்று வருஷத்தில் பார்த்துக்கொள்வோம்!