உள்ளங்கையில ஒரு கம்பெனி!

பிசினஸ்னாலே டை, லேப்டாப்புனு நினைக்கிற ஆளா நீங்க? போளூர்ல பஸ் பிடிச்சு ஜவ்வாது மலை ஏறுங்க. ஜமுனாமரத்தூர்ல இறங்கினதும் பீமன் அருவிக்கு ஓடாதீங்க பாஸ்! முதல்ல கொஞ்சம் சாமையை உள்ளங்கையில வெச்சுப் பாருங்க. கடுகு சைஸ்தான். இதுல உமி நீக்குறது பெரும்பாடு. உமியோட வித்தா, வியாபாரி சொல்றதுதான் விலை.

இங்குள்ள மலையாளிப் பழங்குடி விவசாயிகள் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் கம்பெனியே நடத்துறாங்க. சாமையை அரிசியாக்கி, தேன், புளியோட அவங்களே விக்கிறாங்க. 2002-ம் வருஷ கம்பெனிச் சட்டத் திருத்தம் தந்த வழி இது. பத்து விவசாயிகள் சேர்ந்தாலே ஆரம்பிக்கலாம். எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு! சண்டை வராதானு கேட்காதீங்க. உங்க கல்ச்சுரல்ஸ் கமிட்டியில வராததா?

திரும்பும்போது ஒரு கிலோ சாமை வாங்கிக்கங்க. ஹாஸ்டல் உப்புமாவுக்கு விடுதலை!