பள்ளமான மூலை

அக்டோபர் 9

காலையில் பூங்காவுக்குப் போனால் முக்காலிமேல் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். பூப்பந்து ஆடும் பையன்கள் மட்டையும் கையுமாக ஓரத்தில் நின்றார்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் சிவப்பு பெயிண்ட் அடித்த முளைகள். என்னப்பா இது என்று கேட்டேன். "பம்பிங் ஸ்டேஷன்மா. உங்க ஏரியாவுக்குப் பாதாள சாக்கடை வருதுல்ல, அதுக்கு" என்றான் ஒருவன், நல்ல சேதி சொல்கிறவன் முகத்தோடு.

நல்ல சேதிதான். 2011இல் சுற்றுவட்டாரத்து 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்ததே, அதில் எங்கள் பஞ்சாயத்தும் ஒன்று. பாதாள சாக்கடை கேட்டு அதற்குப் பிறகு போன மனுக்களை எல்லாம் எழுதியவள் நான். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பத்திரமாக எழுதிப் பழகிய கை என்று நலச்சங்கம் அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தது. குழாய் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று விதவிதமாக எழுதியிருக்கிறேன். பம்பிங் ஸ்டேஷன் பற்றி ஒரு வரி கிடையாது.

முதல் முளைக்கும் என் வாசலுக்கும் நடுவே தெரு மட்டும்தான்.

அக்டோபர் 10

தூக்கம் இல்லை. நடு இரவில் நாற்றம் வருவதுபோல் இருந்தது, எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அங்கே இன்னும் ஒரு செங்கல்கூட இறங்கவில்லை.

அக்டோபர் 14

சங்கக் கூட்டம். இவ்வளவு பேரை நான் குடியரசு தினக் கொடியேற்றத்தில்கூடப் பார்த்ததில்லை. மூன்றாவது தெரு வக்கீல் சார் பெங்களூரு வழக்கை எடுத்துச் சொன்னார். அங்கே பூங்காவுக்கு என்று ஒதுக்கியிருந்த இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் விடவில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. பூங்கா என்பது ஊருக்குச் சொத்து, அதிகாரி நினைத்தால் மாற்ற முடியாது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

அங்கே வர இருந்தது ஓர் அறக்கட்டளையின் மருத்துவமனை. இங்கே வருவது நம் வீட்டுத் தண்ணீர். நீதிபதி இதைக் கேட்டால் என்ன சொல்வது என்று வக்கீலிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் போண்டா வந்துவிட்டது.

எதிர்ப்பு மனுவை எழுதும் பொறுப்பு யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

அக்டோபர் 17

விடாத மழை. பூங்காவில் முழங்கால் தண்ணீர். ஒரு முளை பிடுங்கிக்கொண்டு மிதந்துபோய் அரசமரத்துப் பிள்ளையார் படியில் ஒதுங்கியிருக்கிறது. சங்கச் செயலர் இதை நல்ல சகுனம் என்கிறார்.

அக்டோபர் 22

மனுவோடு தானப் பத்திரத்தை இணைக்க வேண்டும் என்றார் வக்கீல். இது என் பழைய வேலை, கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது. வில்லங்கத்தை இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு, இன்றுதான் கைக்கு வந்தது.

மனைப்பிரிவு பத்தாயிரம் சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நகரமைப்பு விதி அது. எங்கள் மனையைப் பிரித்தவர் 1987இல் பஞ்சாயத்துத் தலைவர் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். 'பூங்கா மற்றும் விளையாட்டுத் திடலுக்காக மட்டும்.' வக்கீலுக்கு வேண்டிய வரி இது. அடிக்கோடிட்டேன்.

பிறகு பழக்கதோஷத்தில் சொத்து விவரத்துக்குப் போனேன். எத்தனை ஆயிரம் பத்திரங்களில் இந்த நான்கெல்லையைச் சரிபார்த்திருப்பேன். கிழக்கே 30 அடி சாலை. தெற்கே மனை எண்கள் இத்தனை முதல் இத்தனை வரை. மேற்கே பட்டா நிலம். வடக்கே வாய்க்கால்.

வடக்கே இன்று வாய்க்கால் எதுவும் இல்லை, அங்கே இருப்பது சிமென்ட் ரோடு. அந்த ரோட்டில்தான் மார்கழியில் கோலப்போட்டி வைக்கிறோம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர், இந்த மண்ணிலேயே பிறந்தவர். சிரித்தார். "அந்த மூலையை எவன் வாங்குவான்? ஏரி கலங்கல் தண்ணி அது வழியாத்தானே போவும். நாத்தங்காலுக்குக்கூட ஆவாத எடம். விக்காததைத் தானம் பண்ணிட்டுப் போயிட்டான்" என்றார்.

சாயங்காலம் நகலில் உள்ள அளவுகளை வைத்துக்கொண்டு காலாலேயே அளந்து பார்த்தேன். ஏழு கிரவுண்டு சொச்சம் என்கிறது பத்திரம். அதில் பிள்ளையார் கோயில் நிற்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. கழிப்பறையோடு சேர்த்து எங்கள் நலச்சங்கக் கட்டடமும் அதற்குள்தான் நிற்கிறது.

அக்டோபர் 29

வக்கீல் நகலைப் படித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோர்ட்டுக்குப் போவதைக் கொஞ்சம் ஆறப்போடலாம் என்கிறார்.

நவம்பர் 4

செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், தொட்டியில் இருப்பதை மண் வாங்கிக்கொள்ள மறுக்கும். மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு இது ஏழாம் மாதம், அவளை எப்படிச் சிரமப்பட வைப்பது. லாரிக்குப் போன் செய்தேன். 1,800 ரூபாய், மழை என்பதால் 300 கூட.

டிரைவர் தம்பியைப் பல வருஷமாகத் தெரியும். குழாயை இறக்கிவிட்டு மோட்டாரைப் போட்டால் கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். டீ கொடுத்தேன். வழக்கமாக மழை, டீசல் விலை, இவ்வளவுதான் பேசுவோம். இன்று என் வாயில் வந்துவிட்டது.

"இதைக் கொண்டுபோய் எங்கப்பா கொட்டுவே?"

"இப்பல்லாம் பம்பிங் ஸ்டேஷன்லதாம்மா. லைசென்ஸு, ஜி.பி.எஸ்ஸு, எல்லாம் வந்துட்டுது. வேற எங்கனாச்சும் உட்டா ஃபைன் போட்டுத் தாளிச்சுடுவான்."

"முன்னாடி?"

டீயை ஊதினான். "முன்னாடி ராத்திரி பதினோரு மணிக்கு மேல எடுத்தா எந்த எடமா இருந்தா என்னம்மா. ஏரிக்கரை இருக்கு, மழைத்தண்ணி கால்வா இருக்கு. உங்க வூட்டுதே எத்தினி தடவை போயிருக்கும்."

அந்த ஏரியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளோடு பதாகை பிடித்து நாங்கள் நின்ற படம் சங்கக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறது.

ஸ்டேஷனில் வரிசை நீளம், ஒரு நடைக்கு இரண்டு மணி நேரம் போகிறது என்றான். அந்தத் தெருப் பெண்கள் போன வாரம் குறுக்கே கயிறு கட்டி லாரிகளை மறித்துவிட்டார்களாம். "நாங்க என்னம்மா பண்றது. எங்க போனாலும் யாரோ வூட்டு வாசல்தானே."

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். போலீஸ் வந்து கயிற்றை அவிழ்த்ததாம். 2,100 ரூபாய் கொடுத்தேன். சில்லறை வேண்டாம் என்று சொல்லுமளவு எதுவும் மிஞ்சவில்லை.

நவம்பர் 12

பகுதி சபைக் கூட்டம். 2022இல் முதன்முதல் கூட்டியபோது வந்தவர்களைவிட நாற்காலிகள் அதிகம். இன்று நிற்கவே இடமில்லை. கவுன்சிலர் எல்லோரையும் ஒரே மாதிரி ஆமோதித்தார். அது ஒரு கலை.

உதவிப் பொறியாளர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. கூட்டம் கத்தி ஓயும்வரை நின்றாள். பிறகு நோட்டீஸின் பின்பக்கத்தில் படம் போட்டாள். கழிவுநீர் தானாகப் போக வேண்டுமானால் குழாய் சரிந்துகொண்டே போக வேண்டும். நூறு மீட்டருக்கு அரை மீட்டராவது இறங்கணும். ஒரு கிலோமீட்டர் போனால் ஐந்து மீட்டர். சென்னையோ சமதரை, ஆறடி தோண்டினால் தண்ணீர். அதனால் அங்கங்கே ஒரு கிணற்றில் சேர்த்து, மோட்டார் வைத்துத் தூக்கி, அழுத்தக் குழாயில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறோம். கிணறு எங்கே வரும்? எல்லாத் தெருவும் எங்கே பார்த்துச் சரிகிறதோ அங்கே.

"இருக்கிறதிலேயே பள்ளமான எடம் இதான்மா. மழை பெஞ்சா உங்களுக்கே தெரியுமே" என்றாள்.

நாற்றத்தை அடக்கக் கருவி உண்டு, கிணறு மூடியிருக்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர், இடத்தில் கால்வாசிதான் எடுப்போம் என்றாள். "உங்க வீட்டு எதிர்க்க வெச்சுக்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்துலதான் சார். நான் பொறந்ததே அங்கதான்" என்றாள். எந்த ஸ்டேஷன் என்று யாரும் கேட்கவில்லை.

தானப் பத்திரத்தைப் பற்றி நான் எழுந்து பேசுவதாக ஏற்பாடு. பேசினேன். குரல் சுமாராகத்தான் வந்தது.

நவம்பர் 13

மனசு லேசாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. பழைய சென்னையின் பாதாள சாக்கடை 1910இல் போட்ட திட்டமாம். 1961இல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டுப் போட்டார்களாம். 1961 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கு மேல். ஐம்பது வருஷம் தள்ளி யோசித்தார்களே, அதையே பாராட்ட வேண்டும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் இன்று நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை வடித்துச் சுத்தமாக்கி ஆலைகளுக்கு விற்கிறார்கள். மாடிப் பெண்ணிடம் சொன்னேன். "சாப்பிடுற நேரத்துல ஏன் ஆன்ட்டி" என்றாள்.

டிசம்பர் 1

புயல் மழை. கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து மேலே வருகிறது. லாரி வர முடியாது என்கிறான். மாடிப் பெண்ணை அவள் அம்மா வந்து அழைத்துப் போய்விட்டாள்.

டிசம்பர் 2

அவ்வளவு பேரும் சேர்ந்து கூச்சல் போட்டோமே. சனியன் பிடித்த பூங்கா. கட்டித் தொலைக்கட்டும்.

டிசம்பர் 11

வெயில். பையன்கள் பூப்பந்து ஆடுகிறார்கள். தூங்குமூஞ்சி மரம் கழுவிவிட்டதுபோல் நிற்கிறது. நேற்றுவரை எழுதியது எதுவும் இந்த மரத்துக்குப் பொருந்தவில்லை.

செயலர் வந்தார். மாற்று இடம் கண்டுபிடித்துவிட்டாராம். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், வாரியக் குடியிருப்புக்குப் பின்னால், அரசு புறம்போக்கு சும்மா கிடக்கிறது. பொறியாளரிடம் பேசியாகிவிட்டது. மேடான இடம், ஆழமாகத் தோண்ட வேண்டும், செலவு கூடும், ஆனால் முடியாது என்று அவள் சொல்லவில்லை. நம் சங்கம் சார்பில் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டால் கவுன்சிலர் மேலே பேசுவார்.

"அங்க இருக்கிறவங்ககிட்ட கேட்டீங்களா சார்?"

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம். சங்கம் கிங்கம்னு எதுவும் கிடையாது."

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் போனபோது ராத்திரி முழுக்க என் வாசலில் உட்கார்ந்திருந்தவர்.

டிசம்பர் 19

கீரை வாங்கும் சாக்கில் அந்தப் பக்கம் போனேன். பதினாறு வீடு கொண்ட பிளாக்குகள். புறம்போக்கு என்று செயலர் சொன்ன இடத்தில் கொடி கட்டித் துணி காய்கிறது, ஒரு பக்கம் பிள்ளைகள் கபடிக்குக் கோடு கிழித்திருக்கிறார்கள். கீரைக்காரம்மா அங்கேதான் குடியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. "இன்னாக்கா, எங்கூட்டாண்ட?" என்றாள். முருங்கைக்கீரை ஒரு கட்டு சும்மாவே கொடுத்தாள்.

டிசம்பர் 20

மனு எழுத உட்கார்ந்தேன். 'பெறுநர்' வரை வந்தது.

டிசம்பர் 28

செயலர் போன். கைவலி என்றேன்.

ஜனவரி 6

மண் பரிசோதனை வண்டி வந்து பூங்காவில் துளை போட்டுக்கொண்டிருக்கிறது. லைனுக்கு அந்தப் பக்கமும் நேற்றுப் போட்டார்களாம், இரண்டு அறிக்கையும் மேலே போகும், பொங்கல் கழித்துத்தான் முடிவு என்கிறான் வண்டிக்காரன். ஒவ்வோர் அடிக்கும் வந்த மண்ணைத் தனித்தனிப் பையில் போட்டு எண் எழுதுகிறான். மேலே செங்கல் கப்பி, அதற்குக் கீழே மணல், அதற்குக் கீழே வழவழவென்று கறுப்புக் களிமண். "ஏரி மண்ணும்மா இது" என்று ஒரு உருண்டையை என் கையில் வைத்தான்.

செயலர் தன் பையனை விட்டே மனுவை டைப் செய்துவிட்டார். கையெழுத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நாளை சாயங்காலம் வருவார். என் பெயருக்கு மேலும் கீழும் எல்லோரும் போட்டாயிற்று.