ஆணியில்லாத கப்பல்



அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது, தேவதூதன் பவுலுக்குத் தோன்றிய இரவுக்கே நம் மனம் விரைந்து செல்கிறது. அதற்கு முன்பாக லூக்கா ஒரு சிறிய காரியத்தைக் குறித்துவைக்கிறார். யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதியபோது, மாலுமிகள் கிலவுதா தீவின் ஒதுக்கில் கப்பலைச் சுற்றிக் கயிறுகளால் கட்டினார்கள். 276 பேரைச் சுமந்த கப்பலின் பலகைகள் பிரிந்துவிடக்கூடாதே என்ற பயம் அவர்களுக்கு. பிரசங்கங்களில் அந்தக் கயிற்றுக்கு இடம் கிடைப்பது அரிது.

முழுவதும் கயிற்றாலேயே கட்டிய கப்பல்களும் உண்டு. 2025 டிசம்பர் 29 அன்று குஜராத்தின் போர்பந்தரிலிருந்து 'கௌண்டின்யா' என்னும் பாய்மரக் கப்பல் மஸ்கட்டை நோக்கிப் புறப்பட்டு, ஜனவரி நடுவில் கரைசேர்ந்ததைச் செய்தித்தாளில் கண்டிருப்பீர்கள். அதில் இயந்திரம் இல்லை. பலகைகளை இணைக்க ஆணியும் இல்லை. அக்காலக் கப்பல்களின் வரைபடம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அஜந்தா குகையிலுள்ள ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றே கட்டியவர்களுக்கு ஆதாரம். அதன் உருவமைப்பைச் சோதித்துப் பார்ப்பதில் சென்னை ஐ.ஐ.டி. உதவியது. பலகைகளைத் தைத்தவர்கள் பாபு சங்கரன் என்னும் கேரளத்துத் தச்சரின் தலைமையில் உழைத்த கைவினைஞர்கள்.

கடலே இல்லாத அடி அண்ணாமலைக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கிரிவலப் பாதையில் வாழும் நமக்குப் பாண்டிச்சேரிக் கடற்கரை ஒன்றே கடல். ஆனால் நம் சபையில் எத்தனை வீடுகளில் ஒரு மகனோ கணவனோ கடலுக்கு அப்பால் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

2018இல் சிங்கப்பூரிலுள்ள தமிழ்ச் சபையொன்றின் அழைப்பின்பேரில் உபவாசக் கூட்டங்களுக்குச் சென்றிருந்தேன். அங்கே கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த நம் சபையின் மகன் ஒருவர், தமக்குக் கிடைத்த ஒரே ஓய்வு நாளில் என்னை செந்தோசாத் தீவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். நுழைவுச்சீட்டுக்கு நான் பணம் எடுத்ததைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

உள்ளே 'ஜூவல் ஆஃப் மஸ்கட்' என்னும் கப்பல் நின்றது. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கடலடியில் ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலொன்று கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 சீனப் பாண்டங்கள் அதில் இருந்தன. அந்தக் கப்பலை மாதிரியாகக் கொண்டு ஓமானில் கட்டப்பட்டதே இது. 2010 பிப்ரவரி 16 அன்று மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலை 3 அன்று சிங்கப்பூரை அடைந்தது. நீளம் 18 மீட்டர்தான். நம் ஆலயத்தின் நடுப்பகுதியை விடச் சற்றே நீளம்.

பலகையின் ஓரத்தை அடுத்த பலகையின் ஓரத்தோடு பொருத்துகிறார்கள். இரண்டிலும் வரிசையாகத் துளையிட்டு, பொருத்தின்மேல் தேங்காய் நாரை வைத்து அமுக்கி, நார்க் கயிற்றைக் கோத்து உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இழுத்துக் கட்டுகிறார்கள். பிறகு துளைகளை அடைக்கிறார்கள். நீரில் மூழ்கும் பகுதிக்கு ஆட்டுக் கொழுப்போடு சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுகிறார்கள். மரத்தைத் துளைக்கும் கடற்புழு அண்டாது. (நோவாவின் பேழைக்குப் பூசிய கீல் நினைவுக்கு வந்தது. ஆட்டுக் கொழுப்பின் வாசனை எப்படியிருந்திருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது.) அலை அடிக்கும்போது இப்படிப்பட்ட கப்பல் சற்று வளைந்துகொடுக்கும். கயிறு நைந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் தைக்கலாம்.

துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னைக் கரையில் பயணிகளை இறக்கிய மசூலாப் படகுகளும் இவ்வாறு தைத்தவையே. மிஷனரிகள் பலரும் கடைசி அலைகளைக் கடந்தது, நம் மீனவர் தைத்த அந்தப் படகுகளில்தான்.

வெல்டர் தம்பி அந்தத் தையலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, எங்க வேலையில விறைப்பா இருக்குற எடத்துலதான் முதல்ல விரிசல் விழும்" என்றார். திரும்பும் ரயிலில் தான் மனம் திறந்தார். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் இன்னும் பாதி நின்றது. கைக்குழந்தையாக விட்டுவந்த மகள், கைப்பேசியில் அவர் முகத்தைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். ஆழ்துளைக் கிணற்றுக்காக அனுப்பிய பணத்தின் கணக்கில் அண்ணனோடு பேச்சு நின்றுவிட்டது. "இனிமே அந்த வீட்டு உறவே வேணாம்னு எழுதிடப் போறேன், ஐயா." "இந்த வருஷம் எழுதாதே, தம்பி" என்று மட்டும் சொன்னேன். ரயில் சத்தத்தில் அதற்குமேல் பேச இயலவில்லை.

அவர் எழுதவில்லை. 2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிகள் கொரோனாவால் பூட்டப்பட்டன. ஓர் அறையில் பலராக அடைபட்டிருந்த அந்த மாதங்களில், நம் பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் முறைவைத்து அவரோடு பேசி ஜெபித்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் மனைவியின் கைப்பேசி பழுதாகிவிட்டது, கடைகளும் அடைத்திருந்தன. மாலைதோறும் தம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அந்த வாசற்படியில் வந்து நின்றவர், பேச்சை நிறுத்தியிருந்த அந்த அண்ணனே. தம்பியோடு ஒரு வார்த்தையும் பேசமாட்டார். அழைப்பை இணைத்து, மகளின் கையில் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் அமர்ந்துகொள்வார். பேசி முடித்ததும் வாங்கிக்கொண்டு போவார். இப்படி நான்கு மாதங்கள்.

தம்பி ஊர் திரும்பி, இப்போது கிரில் பட்டறை வைத்திருக்கிறார். கிணற்றுக் கணக்கு இன்னும் தீரவில்லை. தீரும் என்று நான் உறுதி கூறவும் மாட்டேன். ஆயினும் தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் போகிறது. சென்ற ஈஸ்டர் ஆராதனையில் அண்ணன் கடைசி வரிசையில் அமர்ந்திருந்ததைக் கண்டேன்.

பவுல் ஏறிய கப்பல் இறுதியில் உடைந்துபோயிற்று என்பதையும் லூக்கா மறைக்கவில்லை. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகைகளையும் கப்பலின் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 276 பேரும் கரைசேர்ந்தார்கள்.

அடுத்த மாதம் நம் சபையிலிருந்து இரண்டு வாலிபர்கள் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் புறப்படுகிறார்கள். ஒருவருடைய தாய் விதவை. வீட்டில் வேறு துணையில்லை. ஞாயிறு ஆராதனைக்குப்பின் அவர்களுக்காக ஜெபிப்போம். வாரத்தில் ஒரு மாலை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று, மகனோடு பேச உதவ மனமுள்ளவர்கள், எந்தக் கிழமை என்பதை உபதேசியாரிடம் எழுதிக்கொடுங்கள். செவ்வாயும் வியாழனும் ஏற்கெனவே நிரம்பிவிட்டன.