தேதிக்கு அடங்காத உடம்பு

மலேசியாவில், புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணமான மூன்றாம் மாதமே, "என்னம்மா, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு மாதம் 30 நாளிலும் மறுமாதம் 50 நாளிலும் மாதவிலக்காகிறவளுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் தைக்கும். நாள் தள்ளிப்போனால் சாமி மேடையில் விளக்கேற்றுவாள். அடிவயிறு வலிக்கத் தொடங்கியதும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். நானும் அப்படி அழுதவள்.

"பதினாலாம் நாளைக் கணக்கு வெச்சுக்கோ" என்று பெரியவர்கள் சொல்வது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்குப் பொருந்தும். ஜப்பானிய மருத்துவர் ஒகினோ 1920களில் கண்டறிந்தது வேறு: அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் கருமுட்டை வெளியான நாள் ஏறத்தாழ பிடிபடும். சுற்றின் முன்பாதி நீளும், குறுகும். பின்பாதி பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டியே நிற்கும். 45 நாள் சுற்றில் கருமுட்டை வருவது 31ஆம் நாள் வாக்கில். ஆனால் இந்த மாதம் 45 நாள் ஓடும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? கருமுட்டைக்கோ ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். ஆக, கருத்தரிக்கத் தோதான காலம் சுமார் ஆறு நாள்தான்.

செம்பனைக் குலை பழுத்ததைத் தோட்டத்தில் யாரும் தேதி பார்த்துச் சொல்வதில்லை. மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பார்த்துச் சொல்வார்கள். உடம்பும் அப்படி அடையாளம் காட்டும். கருமுட்டை வெளியாகும் நாள் நெருங்கும்போது வெள்ளைப்படுதல் நிறமில்லாமல், வழுவழுப்பாக மாறும். இரண்டு விரலுக்கிடையே இழுத்தால் அறாமல் நீளும். மெல்பர்னைச் சேர்ந்த பில்லிங்ஸ் மருத்துவத் தம்பதி இந்த அடையாளத்தை உலகெங்கும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். காசு செலவில்லாத வழி இது. கூச்சத்தை விட்டால் போதும்.

காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் உடல் சூட்டைக் குறித்துவைப்பது இன்னொரு வழி. கருமுட்டை வெளியானபின் சூடு 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்வரை ஏறி நிற்கும். அது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். இருட்டோடு எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவளுக்கும் இரவு ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கும் கணக்குத் தப்பும்.

கருமுட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனைக் காட்டும் சிறுநீர்ச் சோதனைத் தாள் மருந்துக்கடையில் கிடைக்கிறது. சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்குக் கருத்தால், 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகலாம். மங்கலான கோட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மங்கல் கணக்கில் சேராது. பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பைக் கோளாறு உள்ளவர்களுக்கு எல்.எச். ஹார்மோன் எப்போதுமே கூடியிருக்கலாம். கருமுட்டை வராமலேயே கோடு கருத்து ஏமாற்றும்.

அதனால் சுற்று ஒழுங்கில்லாதவர்கள் இதையெல்லாம் மட்டும் நம்பிக் காலத்தை ஓட்டக் கூடாது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்பது ஒழுங்கான சுற்று உள்ள, 35 வயதுக்குட்பட்டவர்களுக்கான விதி. நமக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். குறித்துவைத்த நோட்டோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். தைராய்டா, புரோலாக்டின் ஹார்மோனா, சினைப்பையா என்று இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் காட்டிக்கொடுக்கும். பி.சி.ஓ.எஸ். என்றால் லெட்ரோசோல் மாத்திரை பலருக்குக் கருமுட்டையை வரவழைக்கிறது. எடை கூடியவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தாலே சுற்று திரும்புவதுண்டு. குடும்பத் திட்டத்துக்காக 1966இல் தொடங்கிய வாரியம், எல்.பி.பி.கே.என்., இன்று பிள்ளைக்காக ஏங்குகிறவர்களுக்கும் உதவுகிறது.

போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியில்லை, வலியில்லை. அதைச் செய்யாமல் ஒரு பெண்ணை வருஷக்கணக்கில் சோதனைக்கும் கோயிலுக்கும் அலையவிட்டு, மலடி என்றும் பேசுவது பெரும் பாவம். மருமகளைக் கிளினிக்குக்கு அனுப்பும் மாமியார், மகனையும் அதே காரில் ஏற்றி அனுப்பட்டும்.